பூனை மாஸ்டர் பெண் பார்க்கப் போன கதை

விழுப்புரத்தில் எந்த வீட்டில் இன்டர்நெட் நின்றாலும், சாமிக்கு வேண்டிக்கொள்வதற்கு முன்பு பூனை மாஸ்டரைத்தான் கூப்பிடுவார்கள். சாமி வர நேரமாகலாம். மாஸ்டர் ஜல்தியாக வந்துவிடுவார்.

ஒரே கேபிள் ஆபீசில் நான் மேஜையில், அவர் ஏணியில். இன்டர்நெட் ஒயர் பெட்டியில் 'கேட் 5', 'கேட் 6' என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். மாஸ்டருக்கு அவை அஞ்சாம் பூனை, ஆறாம் பூனை. "அது கேட்டகிரி மாஸ்டர், பூனை இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கேட்டகிரின்னா கஸ்டமர் பயந்துடுவாங்க சார். பூனைன்னா வூட்ல சேத்துப்பாங்க" என்றார்.

அவருக்குப் பெண் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், கடைசியில் திண்டிவனத்தில் ஓர் இடம் அமைந்தது. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "இதுவும் போச்சுன்னா நான் சாமியாராப் போயிடுவேன் சார்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. பெண் வருவதற்குள் கெடார் கிராமத்திலிருந்து ஒரு கஸ்டமர் போன் வந்தது. மாஸ்டருக்கு போனில் மெதுவாகப் பேசத் தெரியாது.

"உங்ககிட்ட இருக்கிறது அஞ்சாம் பூனைங்க. கிழடு. அறுத்துக் கடாசுங்க. மழையில வெயில்ல கெடக்கணும்னா தோல் தடியா இருக்கிற பூனையா வாங்கி வைங்க. நான் வந்து தோலை உரிச்சுக்கறேன். உள்ள எட்டு நரம்பு இருக்கும். பிரிச்சு, தலைய மாட்டி, ஒரே நசுக்கு. அப்புறம் பாருங்க ஓட்டத்த."

பெண்ணின் அம்மா, காலடியில் தூங்கிய வீட்டுப் பூனையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார். அப்பா பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "மாப்ள என்ன தொழில் பண்ணிக்கினு இருக்காருன்னு சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் கேசரியை வாயில் அடைத்துக்கொண்டேன். மாஸ்டர் அவசரமாக போனை வைத்தார்.

அப்போது பெண்ணே வெளியில் வந்தாள். வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். "சும்மா இருங்கப்பா, அவர் நெட்டு ஒயரைச் சொல்றாரு" என்றவள் மாஸ்டரிடம் திரும்பினாள். "மாடி ரூமுக்கு நெட்டு வர மாட்டேங்குதுங்க. எந்தப் பூனை போடலாம்?"

ஊருக்கெல்லாம் பூனை சொன்ன மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டே, "முழுச் செம்புல ஆறாம் பூனைங்க. அலுமினியம் கலந்தது பேஜாரு. நானே வந்து இழுத்துத் தரேன்" என்றார்.

இழுத்தார். அப்படியே திண்டிவனத்து மாப்பிள்ளையாகி, அங்கேயே கடையும் போட்டுவிட்டார். அவர் இல்லாத ஆபீஸ் எனக்குப் பிடிக்கவேயில்லை. என் வீட்டில் நெட் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அவ்வப்போது ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, "மாஸ்டர், பூனை செத்துப்போச்சு, வாங்க" என்று போன் போடுகிறேன்.