மாப்பிள்ளையின் மெட்டுக்கு மூலம் தேடிய கதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுகிறேன். நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கேயும் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்; நம்பத்தான் முடியும், என் மகள்தான் பத்தொன்பது நாளாக என் போனை எடுப்பதில்லையே.

தப்பு என்னுடையதுதான். வானொலி நிலையத்தில் முப்பது வருடம் நாட்டுப்பாடல் நாடாக்களைக் கட்டிக்காத்தவன் என்று கேள்விப்பட்டு ஒரு நிருபர் வந்தார், பெரியவர் என்று மரியாதையாகப் பேசினார், நீங்கள் இசையமைத்த புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினார், நானும் தலைகால் புரியாமல், "இது பழைய நாட்டுப்பாட்டாச்சே, எங்கயோ கேட்டிருக்கேன்" என்று உளறிவிட்டேன். மறுநாள் பேப்பரில் 'மெட்டு சுட்டதுதான்: மாமனாரே சாட்சி!' என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. அன்றைக்கு மகள் போன் செய்தாள். "நீங்க எனக்கு அப்பாவா, இல்ல அவருக்கு எதிர்க்கட்சியா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தவள்தான்.

சரி, மூலத்தையே கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அதே மெட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். போச்சு, நான் உளறியது உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். யாரிடம் கற்றீர்கள் என்றால் சாலை போடுகிறவர்களைக் கை காட்டினார்கள், அவர்கள் சலவைக்கடையைக் கை காட்டினார்கள், அங்கே இஸ்திரி போடும் அம்மாள், "எந்த உலகத்துல இருக்கீங்க? இது போன மாசம் வந்த சினிமாப் பாட்டுங்க!" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அந்த அம்மாள் பயந்துபோய் உட்காரச் சொல்ல, நான் யாருடைய வெள்ளைச் சட்டை மேலேயோ உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே மெட்டு உங்களுடையதே. பேப்பருக்கு மறுப்பும் அனுப்பிவிட்டேன். இதை மகளுக்குப் படித்துக் காட்டுங்கள். திட்டுவதற்காகவாவது ஒரு தடவை பேசச் சொல்லுங்கள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

குடும்பத்தோடு நோய்நொடியின்றி, பேரும் புகழுமாக நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்

பி.கு.: தபால்தலை தேடி அலமாரியைக் குடைந்தபோது என் பழைய பதிவேடு அகப்பட்டது. 'மூட்டை தூக்குவோர் பாட்டு. கிடங்கில் நானே பதிவு செய்தது' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது; படித்ததும் ஞாபகம் வந்துவிட்டது, நான் கேட்டிருந்தது இதே மெட்டைத்தான். பக்கத்தில், 'படியெடுத்து மாப்பிள்ளைக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தேன்' என்றும் இருக்கிறது. அந்த நாடாவை நீங்கள் கேட்டிருந்தால் மெட்டு அந்த மூட்டை தூக்குகிறவர்களுடையது, அவர்கள் பேரைப் போட்டே ஆக வேண்டும். கேட்டதே இல்லை என்றால், கல்யாணமாகி ஒன்பது வருடமாக என் பரிசைப் பிரித்தே பார்க்கவில்லை என்று அர்த்தம். "ரெண்டுல எது உங்களுக்கு வருத்தம்?" என்கிறாள் உங்கள் மாமியார். பிரிக்காததுதான், மாப்பிள்ளை.