விட்டுவிட்டேன்காரர்

ஏரிக்கரைகளில் ஒரு வகை ஆசாமி உண்டு, வாசகரே. கையில் உயர்ந்த ரகத் தூண்டில், தலையில் அகலத் தொப்பி, சட்டையெங்கும் பை, பையெங்கும் முள், பக்கத்தில் ஒருநாளும் ஈரம் காணாத மீன் கூடை. "என்ன சார், ஏதாவது கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தூண்டிலைக் கீழே வைத்துவிடுவார். பதில் சொல்ல அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

"இவ்ளோ பெரிய கெண்டை சார்! பாவம், சினையா இருந்துச்சு. விட்டுட்டேன்."

பிடித்த மீனைத் திரும்ப விடுவது ஏரிக்கு நல்லது என்று மீன்வளத் துறை சொன்ன நாளிலிருந்து இந்த விட்டுவிட்டேன்காரர்களுக்கு யோகம் அடித்துவிட்டது. சாட்சி கேட்க முடியுமா? சாட்சிதான் நீந்திப் போய்விட்டதே! திங்கட்கிழமை முக்கால் அடி இருந்த மீன் வெள்ளிக்கிழமைக்குள் மூன்றடி ஆகிவிடும்.

வீட்டில் மட்டும் இந்தப் பருப்பு வேகாது. எனக்குத் தெரிந்த ஒருவருடைய மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சீசன் முடியறதுக்குள்ள ஒரு மீனாவது இந்த வீட்டுக்குள்ள வரணும். இல்லேன்னா தூண்டில் பரணுக்குப் போகுது. ஞாயித்துக்கிழமையெல்லாம் நீங்க எங்க அண்ணன் வீட்டுக்கு வரீங்க."

மனிதர் ஆடிப்போனார். ஓரடிக்கு மேற்பட்ட மீனை எடுத்துப் போகலாம் என்பது ஏரி விதி. நிஜமாகவே ஒன்றைப் பிடித்துத் தொலைத்தால் தீர்ந்தது!

அந்த நேரம் பார்த்து மீன்வள அதிகாரி அம்மாள் தூண்டில்காரர்களைக் கூட்டினார். "ஏரியில மீன் எப்படி இருக்கு? உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். முதல் ஆள் கையை விரித்தார். அடுத்தவர் குறைத்துக் காட்டுவாரா? மூன்றாமவர் விரித்ததில் பக்கத்து ஆளின் கண்ணாடி பறந்தது. நம்மவர் எழுந்து, நாற்காலிகளை நகர்த்தச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், தன் மீன் பொய் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அடுத்தவர் மீனை மட்டும் அத்தனை பேரும் நம்பினார்கள்.

"அடேயப்பா! அப்போ சின்னதையெல்லாம் எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? இனிமே மூணடிக்குக் குறைஞ்சா திரும்ப விட்டுடணும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் அதிகாரி அம்மாள்.

யார் வாயைத் திறப்பார்கள்? முதலில் கை தட்டியவரே நம்மவர்தான். அந்த அம்மாள் சிரிக்கவேயில்லை. எனக்கு அதில்தான் சந்தேகம்.

சீசனின் கடைசி ஞாயிறு. தூண்டில் வளைந்தது. கெண்டை! நிஜமான, துள்ளுகிற, இரண்டடிக் கெண்டை! அவர் குதித்த குதியில் தொப்பி ஏரிக்குள் போயிற்று. அளந்தார். வாலை நீவி அளந்தார். மூக்கைச் செல்லமாக இழுத்தும் அளந்தார்.

"ஒரு அடி குறையுதே சார்," என்றார் ஏரிக் காவலர்.

மீன் தண்ணீருக்குள் போய்விட்டது. மனிதர் அழுதேவிட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, கைகளை விரித்தார். "சத்தியமா இவ்ளோ பெரிசு! விட்டுட்டேன்!"

"சரி, ஏணியை எடுங்க," என்றார் மனைவி.

இப்போது ஏரி நிறையக் கெண்டைகள் கொழுத்துத் திரிகின்றன. ஓர் உண்மையாலும் ஆகாத காரியத்தை அத்தனை பொய்களும் கூடிச் செய்து முடித்துவிட்டன!

சிரிக்கிறீர்களா? தூண்டிலையே தொட்டதில்லை என்கிறீர்களா? போன வாரம் காப்பி குடிக்கும்போது சொன்னீர்களே, பெரிய கம்பெனியிலிருந்து ஒரு வேலை தானாகத் தேடி வந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்று. அப்போது டம்ளரை ஏன் கீழே வைத்தீர்கள்?