காலி ஆகாது, சிஸ்டர்!

விதிமுறை தெரிந்தவன் நோயில் விழுந்தால் முதலில் அவதிப்படுவது ஆஸ்பத்திரிதான். நான் அப்போது மத்திய அரசு அலுவலகமொன்றில் சூப்பரின்டென்டென்ட். எந்தக் கோப்பு எந்த மேஜையில் எவ்வளவு காலம் தூங்கலாம் என்பது வரை எனக்கு அத்துப்படி.

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி, காக்ஸ் டவுனில் குடியேறிய கொஞ்ச நாளிலேயே என் வயிறு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. உப்பல், வாந்தி, உயிர்போகும் வலி. கல்லூரிக் காலத்தில் குடல்வாலுக்காக வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் உள்ளே நார் நாராக வளர்ந்து, குடலை வயிற்றுச் சுவரோடு ஒட்டி மடக்கிவிட்டதாம். (ஒருமுறை திறந்த கோப்பு அரசாங்கத்திலும் இப்படித்தான், முழுசாக மூடாது.)

"மறுபடி கிழிச்சா மறுபடி ஒட்டிக்கலாம் சார்," என்றார் டாக்டர், லிங்கராஜபுரத்துத் தமிழ்ப் பெண்மணி. "லேப்ராஸ்கோப்பில முயற்சி பண்றேன். முடியலன்னாதான் திறக்கணும்."

முடிந்தது. சின்னச் சின்னத் துளைகள், ஒரு கேமரா. ஒட்டிக்கொண்ட ஈர அப்பளங்களைக் கிழியாமல் பிரிப்பதுபோல் குடலைப் பிரித்துவிட்டார். காகிதத்தில் குத்திய குண்டூசியைக் கிழியாமல் எடுக்கத் தெரிந்தவர் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லை, நான் உட்பட.

மறுநாள் என் கவலையெல்லாம் காபி. குடல் விழித்துக்கொண்டதற்கு அடையாளம் தெரியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அது என்ன அடையாளம் என்று டாக்டர் விளக்கியபோது நான் மயக்க மருந்தின் மிச்சத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வயிறோ காலையிலிருந்து தன் விடுதலையை அடிக்கடி அறிவித்துக்கொண்டிருந்தது. கண்ணியமான அதிகாரி என்ன செய்வான்? ஒவ்வொரு முறையும் உரக்க இருமினேன்.

பக்கத்துக் கட்டில்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு சிஸ்டர் என்னிடம் வந்தார்.

"சார், காளி ஹோய்தா?"

கன்னடம் தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த என் காதில் அது "காலி" என்று விழுந்தது. கட்டிலைக் காலி செய்யவா?

"இல்லை சிஸ்டர்! டாக்டர் ஆர்டர் இல்லாம காலி ஆகவும் ஆகாது!"

அவர் மிரண்டுபோய் டாக்டரை அழைத்துவந்தார். டாக்டர் வயிற்றை அமுக்கினார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"சத்தம் நல்லாத்தான் கேக்குது. அப்புறம் ஏன் போகலை? எக்ஸ்ரே எடுத்துடலாம். எங்கேயாவது இன்னும் ஒட்டியிருந்தா மறுபடி உள்ளே போகவேண்டி வரும்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எது போகலை டாக்டர்?"

"காத்து சார். கன்னடத்தில 'காளி'ன்னா காத்து. பிரியவே இல்லைன்னு சொன்னீங்களாமே?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். காலையிலிருந்து கூடவே இருந்த என் மனைவி கமலா என்னைப் பார்த்தாள்.

"பிரியலையா? ஏங்க, அப்ப காலையிலேர்ந்து எதுக்கு இருமினீங்க? நான் எதுக்கு ஜன்னலைத் திறந்து வச்சேன்?"

சிஸ்டர் திரைச்சீலைக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். டாக்டர் அங்கேயே சிரித்தார். "வயித்தைத் திறந்திருந்தா உங்களால இப்படி இருமியிருக்கவே முடியாது சார். முதல்ல தண்ணி குடுங்கம்மா, அப்புறம் காபி."

அதன்பின் இத்தனை வருஷத்தில் என் குடல் ஒருநாளும் தகராறு செய்ததில்லை. அந்த டாக்டரின் விரல்களுக்கு இன்றும் மனதுக்குள் சல்யூட் வைக்கிறேன். ஒரே நஷ்டம்தான். மார்கழியில் நிஜமாகவே சளி பிடித்து இருமினாலும் கமலா எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறாள்.