மேல ஒரு சக்கரமும் ஒரு மாக்கல் பலகையும்

உலகம் உண்டான நாள் முதல், வாங்குகிறவன் பக்கம் நின்றுகொண்டு விலையைக் கூட்டிப் பேரம் பேசிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் மயிலாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் காளைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது யாருக்கும் நினைவில்லை. 'மேலொருசக்கரம்' என்றால்தான் தெரியும். அன்று எங்களுக்குத் திருவிதாங்கூர் ராஜ்யத்துக் காசு, சக்கரம்தான் சில்லறை. மீன்காரி நாலு சக்கரம் என்பாள். இவர் மீனின் கண்ணைப் பார்ப்பார், செவுளைப் பார்ப்பார், பிறகு மனம் இளகி, "இம்புட்டு நல்ல மீனுக்கு நாலுதானா? மேல ஒரு சக்கரம் வச்சுக்க, மக்கா" என்பார். பக்கத்தில் நிற்கும் பெண்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். அவருடைய வண்டிச் சத்தம் கேட்கும்வரை மீன்காரிகள் கூடையையே திறப்பதில்லை என்று ஊரில் ஒரு புகார் உண்டு.

காசில் மட்டும்தான் என்றில்லை. உமக்கு மூன்று நாள் காய்ச்சல் என்றால் அவருக்கு நாலு நாள். கோயிலில் சபையார் கூடி உண்ணும் அசன விருந்தில் அவர் இலையில் ஒரு அப்பளம் கூடுதல். தம்முடைய இரண்டு காளைகளுக்கும் அவர் வைத்த பெயர், 'ஒண்ணு', 'கூடஒண்ணு'.

அறுப்பின் பண்டிகைதான் அவர் ஜொலிக்கும் நாள். சபையார் கொண்டுவந்து படைக்கும் நெல், வாழைக்குலை, கோழி, பூசணிக்காய் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். எந்தப் பொருளானாலும் பின்வரிசையிலிருந்து "மேல ஒரு சக்கரம்" என்று குரல் வரும். ஆண்டவருக்கு வந்த பொருள் மலிவாகப் போகக்கூடாது என்பது அவர் கட்சி. கையிலோ அன்றாடக் கூலியைத் தவிர ஒன்றும் கிடையாது. அதனால் சபையில் சொல்லாமலே ஒரு வழக்கம் இருந்தது. அவர் கேட்டால், அதற்கு மேல் யாராவது ஒருவர் கேட்டு வாங்கிவிட வேண்டும். பொருள் அவர் தலையில் விழவே கூடாது. அப்படி விழுந்ததும் இல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆண்டு நான் அதைச் செய்யும்வரை.

நான் அப்போது பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். என் மனைவி தரையில் குந்தியிருந்து புகையில் சமைப்பதைப் பார்த்து, துரைமார் பங்களாவில் இருப்பதுபோல நின்றுகொண்டே சமைக்க ஓர் அடுக்களை கட்டித்தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். புகைபோக்கி வைத்தேன். செங்கலில் திட்டும் எழுப்பினேன். அதன்மேல் பரப்ப ஒரு கற்பலகை வேண்டும்.

எந்தக் கல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கல்சட்டி செய்கிற மாக்கல்தான். தொட்டால் சோப்பு தேய்த்ததுபோல வழுக்கும். நகம் பட்டாலே கீறல் விழுகிற கல்தான்; ஆனால் கொதிக்கிற குழம்பை அப்படியே இறக்கி வைத்தாலும் வெடிக்காது, புளி பட்டாலும் அரிக்காது. மூவருமாக மேலொருசக்கரத்தின் வண்டியில் மயிலாடிக்குப் போனோம். அவள் முந்தானையில் அரை எலுமிச்சம்பழம் முடிந்து வைத்திருந்தாள். பட்டறைக்காரர் பெருமையாகக் காட்டிய வெள்ளைக் கல்லில் அதைத் தேய்த்தாள். கல்லின் பளபளப்பு மங்கியது, பட்டறைக்காரரின் முகமும்தான்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு மாக்கல் பலகை சாய்த்து வைத்திருந்தது. பங்களா துரைசானி ஒருத்திக்காக அறுத்தது. வேலை முடியுமுன்னே அவள் சீமைக்குப் போய்விட்டாள். என் மனைவி எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்தவள் எடுக்கவே இல்லை. வாங்கித்தான் ஆகவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டறைக்காரருக்கும் தெரிந்துவிட்டது.

நான் பேரத்தைத் தொடங்கினேன். கல் இரண்டு வருஷமாகக் கிடக்கிறது, யார் வாங்கப்போகிறார்கள் என்று நியாயமாகத்தான் பேசினேன். அவர் கொஞ்சம் இறங்கிவரும் நேரத்தில் வண்டிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சாரே, அவரு கேட்டது பத்தாது. மேல ஒரு சக்கரம் போட்டு வாங்குங்க."

பட்டறைக்காரர் உளியைக் கீழே வைத்தார். "உம்ம வண்டிக்காரரு கூட்டுதாரு, நீரு கொறைக்கீரு. நான் யாரு சொல்லுத கேக்கணும், சாரே?" என்றார். அதற்குப் பிறகு அவர் இறங்கவில்லை. எனக்கு ரோஷம் வந்து, கல்லை வாங்காமலே வண்டியில் ஏறினேன்.

வழியெல்லாம் மேலொருசக்கரம் எனக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க வெல கொறைக்கது கல்லுக்குக் கேக்கும் சாரே. பொறவு வீட்டுக்கு வந்து மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுக் கெடக்கும். இந்த அம்மைதான அதுகிட்ட சமாதானம் பேசணும்."

என் மனைவி சிரித்துவிட்டாள். கல்யாணமாகி வந்தபின் அப்படி அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. கல் போனதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியவில்லை.

அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு, எங்கள் சபைக்காரரான அந்தப் பட்டறைக்காரர், வயல்காரர்கள் நெல் கொண்டுவருவதுபோல, விற்காமல் கிடந்த மாக்கல்லைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். நாலு பேர் சுமந்து வந்து கோழிகளுக்கு நடுவே சாய்த்தார்கள். சாருடைய அடுக்களைக்கு வேண்டிய கல் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே உபதேசியார் ஏலத்தைத் தொடங்கியபோது ஒருவரும் போட்டிக்கு வரவில்லை. நான் ஒரு குறைந்த விலை சொன்னேன்.

"மேல ஒரு சக்கரம்."

நான் கூட்டினேன். அவரும் கூட்டினார். சபை சிரிக்கத் தொடங்கியது. நான் ஏற ஏற அவரும் ஏறினார். விலை பட்டறையில் கேட்டதைத் தாண்டியது. அடுத்தும் நான்தான் கேட்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. கடைசியாக அவர் "மேல ஒரு சக்கரம்" என்றபோது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஒரு தரம்" என்றார் உபதேசியார். என்னைப் பார்த்தார். நான் வாழைக்குலையைப் பார்த்தேன். அவர் இருமினார், கண்ணாடியைத் துடைத்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். "ரெண்டு தரம்." வேறு யாராவது கேட்டிருக்கலாம். ஆனால் அது சாருடைய கல். சாரை மீறிக் கேட்பது மரியாதை இல்லை என்று எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். என்மேல் அவர்கள் வைத்திருந்த மரியாதைதான் அந்த மனிதரைச் சிக்கவைத்தது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

"மூணு தரம்" என்பதை உபதேசியார் கல்லறைத்தோட்டத்து அடக்க ஆராதனைக் குரலில் சொன்னார்.

மேலொருசக்கரத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதற்கு உள்ளே ஆள் இல்லை. மறுபடியும் ஏலம் விடலாம் என்று மூப்பர்கள் சொல்லிப்பார்த்தார்கள். ஆண்டவரிடம் சொன்ன வார்த்தையை மாற்றப்பிடாது என்று அவர் கேட்கவில்லை. அன்று மாலையே 'கூடஒண்ணு' விலைபோனது. களியக்காவிளைச் சந்தைக்குப் போகும் தரகர் ஒருவர் வந்த விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வண்டி நின்றது. நுகத்தின் ஒரு பக்கம் 'ஒண்ணு'. மறுபக்கம் மேலொருசக்கரம். வண்டியில் கல்.

"சாரே, நேத்து நீங்க ஏதோ யோசனையில நின்னுட்டிய. அதுக்குள்ள உபதேசியாரு மூணு தரம் விளிச்சுட்டாரு. பரவால்ல, கல்லு வந்தாச்சு" என்றார் மூச்சுவாங்கிக்கொண்டு.

என் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்று என்னையே பார்த்தாள்.

"ஆமா, மறந்துட்டேன்" என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் மிகச் சிறியது அது. மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். ஏல விலையை எடுத்துக் கொடுத்தேன். கடைசி ஒரு சக்கரத்தை மட்டும் அவர் வாங்கவில்லை. அது தம்முடைய காணிக்கையாம். பிறகு நாலு பேரைக் கூட்டிப் பலகையைத் திட்டின்மேல் ஏற்றி, சுண்ணாம்புச் சாந்து பூசி, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மனைவி தேங்காய் எண்ணெய் தடவினாள். சாம்பல் நிறக் கல் அவள் கை போன இடமெல்லாம் கறுத்தது.

"நீங்க மறக்கல்ல. பெண்டுக பக்கத்துல இருந்து நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள், கல்லிலிருந்து தலையைத் தூக்காமல். அதற்குப் பிறகு அவள் இதைப் பேசியதே இல்லை.

அவர் வேறொரு காளை வாங்கிப் பார்த்தார். 'ஒண்ணு' அதோடு நுகத்தில் நிற்க மறுத்துவிட்டது. இன்னொன்றையும் முட்டித் தள்ளியது. கடைசியில் அவர் ஒற்றைக்காளை வண்டிக்காரரானார். கல் பாரம் ஏற்ற முடியாது. வாழையிலையும் முட்டையும் ஏற்றினார். "ஒண்ணு கொறஞ்சா வைக்கோலும் கொறவுதான சாரே" என்று என்னிடமே சொன்னார். அவர் வாயிலிருந்து 'குறைவு' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அடுத்த அறுப்பின் பண்டிகை வந்தது. ஒரு பெரிய பூசணிக்காய். யாரோ அடிமாட்டு விலை கேட்டார்கள். உபதேசியார் பழக்கத்தில் பின்வரிசையைப் பார்த்துக் காத்திருந்தார். அங்கே அவர் சின்னப்பிள்ளைபோலக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"மேல ஒரு சக்கரம்" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். கண் சிரித்தது. வாயிலிருந்த கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் ஏலத்தில் வாய் திறக்கவே இல்லை.

அவரும் போய், சக்கரமும் போய், காசெல்லாம் பைசா ஆகிவிட்டது. எனக்கும் தள்ளாத வயது. போன பண்டிகையில் நான் பூசணிக்காய்க்கு ஒரு விலை சொன்னேன். எதிர்த்து யாரும் கேட்கவில்லை. "மேல ஒரு சக்கரம்" என்றேன். ஏலம் விட்ட இளைஞன் குழம்பிவிட்டான். "முந்தியும் நீங்கதான கேட்டிய, தாத்தா?" என்றான். சபை சிரித்தது. ஆமாம், என் விலை அது. இது இன்னொருவருடையது என்றேன்.

வீட்டில் என் மனைவி அந்தப் பூசணிக்காயை மாக்கல்லின்மேல் வைத்தாள். எத்தனையோ வருஷத்து எண்ணெயில் அது அட்டக்கறுப்பாகிவிட்டது.

"இன்னைக்கு எதுத்துக் கேட்டது யாரு?" என்றாள்.

"அவருதான்" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வழக்கம்போல ஒரு கீற்றுக் கூடுதலாகவே நறுக்கினாள்.