பின்னு குத்தாத எம்.ஏ.

படித்த படிப்பு தலைக்கேறியவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. இடுப்பில் பின்னு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், எம்.ஏ. மனோதத்துவம் முடித்த கையோடு அடையாறில் ஒரு டாக்டரிடம் சேர்ந்தேன். குழந்தைகளின் பேச்சு, புத்தி வளர்ச்சியைச் சோதித்து எழுதித் தருகிற வேலை. வயது இருபத்திரண்டு. (பார்த்தால் பதினாறு. அதுதான் என் மனக்குறை.) பெரியவளாகத் தெரிய வேண்டுமென்று கஞ்சி போட்ட காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"பின்னு ஒண்ணு குத்திண்டு போயேன்டி!" என்று மயிலாப்பூர் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்தாள் அம்மா.

"எம்.ஏ. படிச்சவளுக்குப் புடவை கட்டத் தெரியாதா?" என்றேன்.

அன்று வந்தவள் வள்ளி. ஒன்பது வயது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரரின் மகள். பிறவியிலேயே குரோமோசோம் ஒன்று கூடுதல், டவுன் சிண்ட்ரோம். (அன்று நாங்கள் எழுதிய பெயரை இன்று சொல்ல வாய் கூசுகிறது.) தாமதமாகத்தான் பேச்சு வந்தது, அதுவும் பாதி விளங்காது.

"சொன்னாப் புரியும், எண்ணத் தெரியும்னு நீங்க எழுதித் தந்தாத்தான் ஸ்கூல்ல சேப்பாகளாம். நாலு இடத்துல வேண்டாம்னுட்டாக" என்றார் அவள் அம்மா. வரம் கேட்கிற மாதிரிதான் என்னைப் பார்த்தார். நானும் வரம் கொடுக்கிறவள் மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சோதனைக் கேள்விகளை யாரோ ஒரு புண்ணியவான் செந்தமிழில் பெயர்த்திருந்தார். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது, சிரிக்கக்கூடாது, உதவக்கூடாது என்பது விதி.

"குழந்தாய், இப்பெட்டியினுள் எத்தனை கட்டைகள் உள்ளன? எண்ணிக் கூறுக."

வள்ளி என் இடுப்பைப் பார்த்தாள். பூஜ்யம்.

"மழை பொழியுங்கால் நீ யாது செய்வாய்?"

மறுபடியும் இடுப்பு. மறுபடியும் பூஜ்யம். இருபது கேள்விக்கும் இதே கதைதான். 'கவனம் நிலைப்பதில்லை' என்று மணிமணியான கையெழுத்தில் எழுதினேன்.

"எங்க வீட்டுல பேசுத மாதிரி கேட்டுப் பாருங்களேன்" என்று கெஞ்சினார் வள்ளியின் அம்மா.

"விதியில் இடமில்லை" என்றேன், கலெக்டர் தோரணையில். (இப்போது நினைத்தால் என்னை நானே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.)

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெட்டியை மேல் அலமாரியில் வைக்கக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான்! கொசுவம் மொத்தமும் காலடியில் கொட்டியது.

"அக்கா! சேலை போச்சு!"

சாட்சாத் வள்ளிதான். நாற்காலியிலிருந்து குதித்தாள். "அம்மா, கதவு! சாத்து!" கதவு சாத்தப்பட்டது. "பொட்டிய வை. கைய தூக்கு." வைத்தேன், தூக்கினேன். (சோதிப்பவருக்குக் குழந்தை உதவலாமா என்று கையேட்டில் இல்லை.) குழறல் பேச்சுதான். ஆனால் ஒன்றுகூட எனக்குப் புரியாமல் போகவில்லை.

துணியைப் பிடித்து விரலால் மடித்தாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஏழு வரை தப்பாமல் எண்ணி, நீவிவிட்டு, "சொருகு" என்றாள். பிறகு அம்மாவின் பக்கம் கையை நீட்டினாள். "பின்னு."

"கடையில பொம்மைக்குச் சேல கட்டுதது இவதாம்மா" என்றார் அவர், அழுகையும் சிரிப்புமாக. "வந்ததுலருந்து உங்க கொசுவம் நழுவுததத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. புடவை அவிழ்ந்ததற்காக இல்லை. அந்த இருபது பூஜ்யங்களுக்காக.

டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "கண்ணால பாத்ததை எழுதும்மா. ஒண்ணு விடாம" என்றார். எழுதினேன்: 'நெருக்கடியில் தானாகவே பேசினாள், எது முதலில், எது பிறகு என்று வரிசையாக ஏவினாள், ஏழு வரை எண்ணினாள்.'

அறிக்கையோடு ஐந்தாவது பள்ளிக்கு நானும் கூடவே போனேன். தலைமையாசிரியை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்ன நெருக்கடி?"

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியவர், சிரிப்பு அடங்குவதற்குள் வள்ளியைச் சேர்த்துக்கொண்டார்.

இன்றும் தீபாவளிக்கு அந்தக் கடைக்குப் போனால், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வள்ளி முதலில் என் இடுப்பைத்தான் பார்க்கிறாள். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். யாரையாவது "சரியான மக்கு" என்று நான் வாயெடுத்தால் போதும், உள்ளேயிருந்து என் பெண் குரல் கொடுப்பாள்:

"அம்மா, மொதல்ல பின்னு குத்திக்கோ. அப்புறமா மார்க் போடு!"