சின்ன மாப்பிள்ளை வாங்கிய பம்புகள்

"அப்பாவால சத்தம் தாங்க முடியலையாம். அக்கா வீட்டுக்குப் போறேங்கிறார்," என்றாள் மனைவி, வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல்.

சின்ன மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. கண் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வெடுக்க மாமனார் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பெரிய மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டால், அந்தச் சகலை ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பார்.

"என்ன சத்தமாம்?"

"உங்க ரூம்ல இருந்து வர்றதுதான். பகல்ல கண்ணசர முடியலையாம். உங்ககிட்ட நேரா சொல்லக் கூச்சப்படுறார்."

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போலப் படமாக்கித் தருவது மாப்பிள்ளை வீட்டிலிருந்தே செய்யும் தொழில். அதற்காகத் தன் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டர், வேலை ஏற ஏறக் கொதிக்கும். கொதிப்பை ஆற்ற விசிறிகள் உறுமும்.

"இவ்வளவுதானே? தண்ணி விட்டு அடக்கிடுறேன்," என்றார்.

குழாய்களில் தண்ணீர் சுற்றிவந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும். விசிறிகள் பேருக்குச் சுழன்றால் போதும். தண்ணீரைத் தள்ளத்தான் ஒரு பம்பு வேண்டும். சின்னது சத்தம் போடாது என்பது அவர் நினைப்பு. கடையில் இருந்ததிலேயே பொடியனாகப் பார்த்து வாங்கி மாட்டினார். அது தம் கட்டி ஓடி, கொசு மாதிரி ரீங்கரித்தது.

"கூடிப்போச்சாம்," என்றாள் மனைவி மாலையில்.

மறுபடி கடைக்கு ஓடினார். "ஒண்ணு திணறுனா ரெண்டா போடுங்க சார். வேலையைப் பங்கு போட்டுக்கும்," என்றார் கடைக்காரர்.

பங்காளிகள் எந்தக் காலத்தில் ஒத்துப்போனார்கள்? இரண்டும் மாறி மாறி உறுமின. மேசை அதிர்ந்தது. பேனா தானாக நகர்ந்துபோய்த் தரையில் குதித்தது. லாரி ஏதாவது நிற்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்று மாலை மனைவியிடம் பயந்துகொண்டே கேட்டார். "அப்பா என்ன சொன்னார்?"

"இன்னைக்குத் தேவலையாம். மத்தியானம் நல்லா தூங்கினாராம்."

மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. மனம் நோகக் கூடாதென்று பெரிய மனிதர் பொய் சொல்கிறார். அந்தப் பெருந்தன்மை அவரை முள்ளாய்க் குத்தியது.

உட்கார்ந்து யோசித்தார். ஓடுகிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும், நடக்கிறவனுக்கு வாங்காது. இருப்பதிலேயே பெரிய பம்பை வாங்கி, இருப்பதிலேயே மெதுவாக ஓட்டினார். உறுமல் போயிற்று, ரீங்காரமும் போயிற்று. குழாய்க்குள் காற்றுக் குமிழிகள் மட்டும் களுக் களுக்கென்றன.

"ரொம்ப மோசமாம்," என்றாள் மனைவி. "ஒண்ணு விடாம காதுல விழுதாம். பெட்டி கட்டிட்டார். நாளைக்குக் காலையில அக்கா வண்டி அனுப்புறா."

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. பால் குடித்த குழந்தையை ஏப்பம் விடச் செய்வது போலக் கம்ப்யூட்டர் பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கடைசிக் குமிழிவரை வெளியேற்றினார். பழைய மெத்தையின் பஞ்சை வெட்டி, பம்பை அதன்மேல் உட்கார வைத்தார். பொத்தானை அழுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். அவர் மூச்சுதான் அவருக்குக் கேட்டது.

காலையில் மாமனார் கறுப்புக் கண்ணாடியும் பெட்டியுமாக வாசலுக்கு வந்தார்.

"மாமா, ஒரே நிமிஷம் உள்ள வந்துட்டுப் போங்க."

மனைவியும் பின்னாலேயே வந்தாள். இருப்பதிலேயே கனமான படத்தை, முழுக்கக் கண்ணாடியாலான ஒரு மாளிகையை, ஓடவிட்டார். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது.

"இன்னும் போடலையா?" என்றாள் மனைவி.

"எப்பவோ ஓடிட்டு இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். குழாய்க்குள் தண்ணீர் நழுவிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது, கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி அவரைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சகலையின் முகம் மனசுக்குள் சுருங்கிச் சுண்டைக்காயானது.

மாமனார் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "கெட்டிக்காரர் மாப்பிள்ளை நீங்க. இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்ல," என்று தோளில் தட்டிக் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கித் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மாப்பிள்ளை. நான் சொன்னது, வேலை பண்றப்ப நீங்க வாய்விட்டுப் பாடுறீங்களே, அதை. இத்தனை நாள் இந்த மிஷினாவது கொஞ்சம் அமுக்கிட்டு இருந்தது."