நவம்பரில் வந்த ஏப்ரல் இதழ்

மதிப்பிற்குரிய தாவரவியல் இதழின் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

உலர்தாவரக் காப்பகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவனும், கெட்ட நேரத்தால் தங்கள் அக்காவின் கணவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை. தங்கள் அக்காவும் நலமில்லை. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அடுத்தவன் வாழ்க்கையைக் கெடுத்தவர்களுக்குச் சாதாரணமாக ஒரு கேடும் வருவதில்லை.

தங்கள் மகளின் திருமண அழைப்பிதழ் கிடைத்தது. திருமணத்துக்கு நாற்பது நாள் முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அழைப்பிதழை நேரத்துக்கு அச்சிடத் தெரிந்த கைக்கு, வருஷத்துக்கு மூன்று தடவை வரவேண்டிய ஒரு இதழை நேரத்துக்கு அச்சிடத் தெரியாமல் போனது எப்படி என்று யோசித்துக்கொண்டே அதை மேசையில் வைத்தேன். தங்கள் அக்கா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எட்டு மாதமாகத் தங்களோடு பேசாதவள் கல்யாணத்துக்கு மட்டும் எப்படி வருவாள்? நாங்கள் வருவதாக இல்லை. வரவேண்டுமானால் ஒரே ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

விஷயம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆவணமாக இருக்கட்டும் என்று முதலிலிருந்து எழுதுகிறேன். தாங்கள் தாங்கள் என்று எழுதக் கை வலிக்கிறது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளும் உரிமை உனக்கு இப்போது இல்லை.

அந்தக் கைவிட்ட கல்குவாரிக்கு நானும் உன் அக்காவும் போனபோது, நான் வழக்கம்போல முன்னால் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போய்விட்டேன். அவள் செருப்புக்குள் புகுந்த கல்லை எடுக்க ஒரு பாறையில் உட்கார்ந்தாள். "இங்க வந்து பாருங்க, இது நம்ம ஆல்பத்துல இல்லாத செடி" என்று கூப்பிட்டாள். காப்பகத்தை அவள் ஆல்பம் என்றுதான் சொல்வாள், எத்தனை தடவை திருத்தியும் மாறவில்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது சும்மா களை, எழுந்து வா" என்றேன். அவள் அதைப் பிடுங்கிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து, குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, இரண்டு நாள் என்னைத் தொந்தரவு செய்தாள். மூன்றாம் நாள் அவள் வாயை அடைப்பதற்காகத்தான் லென்ஸை எடுத்தேன். எடுத்தவன் அரைமணி நேரம் அதைக் கீழே வைக்கவில்லை. உலகத்தில் அதுவரை யாரும் எழுதிவைக்காத செடி அது. முப்பத்து நான்கு வருஷம் நான் தேடியும் கிடைக்காதது, உட்கார்ந்த இடத்தில் அவளுக்குக் கிடைத்தது.

அதற்கு அவள் பெயரையே வைப்பது என்று முடிவு செய்தேன். காடு மேடெல்லாம் என் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடந்தவளுக்கு நான் இதுவரை வாங்கிக் கொடுத்த பரிசு ஒரு குடை. அதையும் நானே தொலைத்தேன். நகையும் புடவையும் யார் வேண்டுமானாலும் வாங்கித் தரலாம், ஒரு செடிக்குப் பெயராக நிற்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நாங்கள் இரண்டு பேரும் போன பிறகும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு அறையில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவளிடம் சொல்லாமல், இதழ் வந்ததும் கையில் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். கட்டுரையை உனக்கு அனுப்பினேன். புதுச் செடியின் வர்ணனையை லத்தீனில் எழுதும் வழக்கத்தை உலகம் முழுக்கக் கைவிட்ட பிறகும் உன் இதழ் கைவிடாததால், ஆறு வரி லத்தீனை இரண்டு மாதம் அகராதியைப் புரட்டி எழுதி அதையும் சேர்த்தே அனுப்பினேன்.

இந்த இடத்தில் உன் இதழின் பெருமையைக் கொஞ்சம் பேசவேண்டும். எழுபது வருஷத்துக்கு முன்னால் வந்த முதல் இதழிலேயே ஒரு நீர்த்தாவரத்தின் படத்தைத் தலைகீழாக அச்சிட, வேரைப் பூ என்று நம்பி இரண்டு கல்லூரிகளில் மாணவர்கள் வரைந்து, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார்கள். அந்த அவமானத்தில் உங்கள் முதல் பதிப்பாசிரியர் ஒரு சட்டம் போட்டார். அச்சுக்கு முந்தைய சோதனைப் பிரதியான ப்ரூஃபை எழுதியவர் படித்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும் வரை இதழ் அச்சுக்குப் போகக்கூடாது. ஒருத்தர் தாமதித்தால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் உங்கள் ஆகஸ்ட் இதழ் அடுத்த மார்ச்சில் வரும். ஒரு வருஷம் இதழே வராமல் அடுத்த வருஷம் ஆறு இதழ் ஒன்றாகக் கட்டி வந்தது, தபால்காரர் அதைச் செங்கல் என்று நினைத்து வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். மற்ற துறைக்காரர்களுக்கு இது வெறும் சோம்பேறித்தனம். நமக்கு அப்படியில்லை. ஒரு செடிக்கு இரண்டு பேர் பெயர் வைத்தால் முதலில் அச்சில் வந்த பெயர்தான் நிற்கும், நாள் கணக்குத்தான் எல்லாம். பழைய புத்தகங்களில் பைண்டர்கள் அட்டையைக் கிழித்துப் போட்டதால் எந்த மாதம் வந்தது என்று தெரியாமல், நூலக முத்திரைகளைத் தேடியே பல் விழுந்த மனிதர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பல்கலைக்கழகத் தொப்பிக்காரனையும் உனக்குத் தெரியும். அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத அந்த மனிதன் அதே கல்குவாரிக்குப் போய், அதே செடியைப் பறித்து, அதற்குத் தன் துறைத்தலைவரின் பெயரை வைத்தான். அந்தத் தலைவருக்குக் கொத்தமல்லிக்கும் கோரைப்புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. தொப்பிக்காரனின் கட்டுரை வேறொரு இதழில் நவம்பர் ஐந்தாம் தேதி வந்தது. என் கட்டுரை இருந்த உன் ஏப்ரல் இதழ், ஆமாம், ஏப்ரல் இதழ், நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. இருபத்து நான்கு நாள். ஒரு சளிக்காய்ச்சல் வந்து போகிற நேரம்.

அட்டையில் ஏப்ரல் என்று போட்டிருக்கிறதே, அதோடு விட்டுவிடு என்று உன்னிடம் கெஞ்சினேன். நீதான் யோக்கியன் ஆயிற்றே. பின் அட்டையில் 'இந்த இதழ் உண்மையில் வெளியான நாள்' என்று ஒரு வரி போட்டாய். "அந்த ஒரு வரிய எடுத்துடு தம்பி" என்றேன். "எடுத்தா பொய் ஆயிடும் அத்தான்" என்றாய். எழுபது வருஷமாக முன் அட்டையில் பொய் சொல்லிவிட்டுப் பின் அட்டையில் மட்டும் உண்மை பேசுகிற இதழ் உன்னுடையது. இனி உலகம் பூராவும் அந்தச் செடி துறைத்தலைவரின் பெயரில்தான் இருக்கும். உன் அக்காவின் பெயர் அதற்குக் கீழே, பொடி எழுத்தில், செல்லாத பெயர்களின் வரிசையில் கிடக்கும்.

தாமதத்துக்கு நீ சொன்ன காரணம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏப்ரலிலேயே ப்ரூஃப் அனுப்பிவிட்டாயாம், நான் திருப்பி அனுப்பவில்லையாம், எனக்காக ஏழு மாதம் இதழை நிறுத்தி வைத்தாயாம், மற்றப் பதினோரு கட்டுரைக்காரர்களும் உன்னைத் திட்டினார்களாம். "அத்தான், ப்ரூஃப் வந்துச்சா?" என்று நீ போன் செய்தபோதெல்லாம் "வந்தா எனக்குத் தெரியாதா?" என்று சொன்னேனே, அப்போதே இன்னொன்று அனுப்பியிருக்கலாம் அல்லவா? "எங்கயோ வச்சிருப்பீங்க, தேடுங்க" என்றாய். ஒரு லட்சம் செடிகளை இடம் மாறாமல் பாதுகாத்தவனிடம் சொல்கிற பேச்சா இது? கடைசியில் நீயே சட்டத்தை மீறி, நான் பார்க்காமலே அச்சிட்டாய். பதினெட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள புல்பூண்டு பதினெட்டு மீட்டர் என்று வந்தது. உன் அக்கா படித்துவிட்டு, "நான் என்ன பனைமரமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு, இந்தப் பெயர் ஏன் நிற்காது, யாரால் நிற்காது என்று நான் விவரமாகச் சொன்னேன். அன்றைக்கு நிறுத்தியவள்தான், உன் பெயரையே எடுப்பதில்லை. நீ போன் செய்தால் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள்.

ஆகவே, அடுத்த இதழில் அரைப்பக்கத்துக்கு ஒரு மன்னிப்பு வரவேண்டும். ப்ரூஃப் அனுப்பப்படவே இல்லை என்றும், தவறு முழுக்கப் பதிப்பாசிரியருடையது என்றும் அதில் இருக்கவேண்டும். வாசகத்தை நானே எழுதி இணைத்திருக்கிறேன். அதை அச்சிட்டால் கல்யாணத்துக்கு வருகிறோம். இல்லாவிட்டால் உன் அக்காவின் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்லவும். மணமக்கள் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ என் ஆசி உண்டு. பெண்ணின் தகப்பனாருக்குக் கிடையாது.

இப்படிக்கு,
பதினெட்டு மீட்டர்ப் பூண்டின் ஆசிரியன்

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் நேற்று எழுதியது. இது இன்று காலை.

செடியின் உயரத்துக்கு அத்தாட்சியாக உலர்த்திய மாதிரி ஒன்றை இந்தக் கடிதத்தோடு அனுப்பலாம் என்று அட்டைக் கட்டைப் பிரித்தேன். செடி உலர்த்துகிறவன் வீட்டில் எந்தக் காகிதமும் தப்பிக்காது என்பது உனக்குத் தெரியும். செய்தித்தாள் தீர்ந்துபோனால் கையில் கிடைத்ததை மடித்துச் செடியை உள்ளே வைத்துவிடுவேன். டாக்டர் சீட்டு, ரேஷன் அட்டையின் நகல், எல்லாம் அப்படிப் போயிருக்கிறது. ஏப்ரலில் மறுபடியும் கல்குவாரிக்குப் போய்ப் பறித்து வந்த அந்தச் செடி உன் ப்ரூஃபுக்குள் இருந்தது. நான்கு பக்கமும். ஏப்ரல் ஒன்பதாம் தேதி முத்திரையோடு உறையும் அடியிலேயே இருந்தது. பிரித்தவன் நான்தான், கிழித்த விதம் என்னுடையது.

பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்துப் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. உயரம் இருந்த வரியில் மட்டும் நீ வட்டம் போட்டு, "அத்தான், இது செ.மீ. தானே? உங்க கையெழுத்து புரியல" என்று எழுதியிருக்கிறாய். அடியில், "அக்காகிட்ட நான் மூச்சு விடல. நீங்களே காட்டுங்க" என்று இருக்கிறது.

காட்டினேன். வேறு வழி தெரியவில்லை. அவள் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். செடியின் கறை அதன்மேல் இருக்கிறது. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். "எட்டு மாசம் என் தம்பிகூட பேசாம இருந்துட்டேனே" என்றாள். அதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுவரையிலும் பேசவில்லை.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி எட்டு மாதமாக இந்த வீட்டில் என்ன பேசினேன் என்பது உனக்குத் தெரியவேண்டும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன். அந்த மன்னிப்பு வாசகத்தில் பதிப்பாசிரியர் என்று இருக்கும் இடங்களில் என் பெயரைப் போட்டு அச்சிட்டுக்கொள்.

காலையிலிருந்து உனக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டாள், நீ எடுக்கவில்லை. எங்கள் வீட்டு எண்ணைப் பார்த்தால் நான்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பாய். என்னோடு நீ எட்டு மாதம் பேசாதே, எட்டு வருஷம் வேண்டுமானாலும் பேசாதே. அவள் போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எடுத்துவிடு தம்பி.